எதிர் நாற்காலிக்காரர்

யின் பெரியப்பா தன்னுடைய பழைய மேலதிகாரியை விருந்துக்கு அழைத்தபோது நான் அவர் வீட்டில் உட்கார்ந்து பெரியம்மாவோடு பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா கைபேசியை மேஜைமேல் வைத்து, ஒலிபெருக்கியையும் திறந்துவிட்டுப் பேசினார். மேலதிகாரியோடு பேசுவது என்றால் வீட்டில் எல்லோருக்கும் கேட்க வேண்டும் அவருக்கு.

“ஐயா, வணக்கம். நான் யின் ஷோவ்தியேன் பேசறேன்.”

“யாரு?”

“யின், ஐயா. வரவேற்புப் பிரிவு யின்.”

“அட, நீயா. சொல்லு.”

“ஒண்ணுமில்லீங்க ஐயா. என் சம்சாரத்தோட தம்பி கனடாவுலேர்ந்து குடும்பத்தோட வர்றான். ஊரைச் சுத்திப் பார்க்க மூணு நாள். இருபத்திரண்டு வருஷம் கழிச்சு வர்றான். சனிக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன விருந்து வச்சிருக்கேன். நீங்க வந்து உக்காந்தா எங்களுக்கு ஒரு பெருமை.”

“சேச்சே, குடும்ப விருந்துல நான் எதுக்குப்பா?”

பெரியப்பா எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எல்லாம் முறைப்படிதான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒருவரை மூன்று முறை அழைக்க வேண்டும். அவர் மூன்று முறை மறுக்க வேண்டும். மூன்றாவது மறுப்போடு இரு தரப்புக்கும் கடமை தீர்ந்தது. உண்மையாகவே ஒருவர் வர வேண்டும் என்றால் நான்காவது முறை நேரில் போய் அழைப்பார்கள்.

“அப்படிச் சொல்லக்கூடாது ஐயா. நீங்க இல்லாம அது என்ன விருந்து?” என்றார் பெரியப்பா, இரண்டாவது முறையாக.

“சரி, இவ்வளவு தூரம் சொல்றே. வர்றேன். எத்தனை மணிக்கு?”

பெரியம்மாவின் கையில் பீன்ஸ் பாதி உரிந்தபடி நின்றது.

“பதினொண்ணரைக்கு, ஐயா,” என்றார் பெரியப்பா. குரல் ஒரு படி இறங்கியிருந்தது. “வண்டி அனுப்பறேன்.”

“வேண்டாம் வேண்டாம், நானே வந்துடுவேன். எந்த ஓட்டல்?”

இடத்தைச் சொல்லி, நன்றி சொல்லி, கைபேசியை அணைத்துவிட்டுப் பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களை யாரு கூப்பிடச் சொன்னது?” என்றாள் பெரியம்மா.

“கூப்பிடாம இருக்க முடியுமா? நாளைக்கு அவர் காதுக்குப் போச்சுன்னா?”

“அவர் ரிட்டையர் ஆகி மூணு வருஷமாச்சு. அவர் காதுக்கு எது போனா என்ன?”

“இத்தனை வருஷத்துல எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். ஒரு தடவை வந்திருக்காரா?”

“அப்பெல்லாம் அவரைக் கூப்பிட ஆளுங்க இருந்தாங்க,” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா மறுபடி நார் உரிக்கத் தொடங்கினாள்.

அந்த விருந்து பெரியப்பாவுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சீனாவில் எங்கள் ஷான்டோங் மாநிலத்தில் வட்ட மேஜை வட்டமாக இருப்பது கண்ணுக்கு மட்டும்தான். கதவைப் பார்த்தபடி இருப்பது முதல் நாற்காலி. அது விருந்து கொடுப்பவருடையது. அவருக்கு வலப்பக்கம் முதல் விருந்தாளி, இடப்பக்கம் இரண்டாம் விருந்தாளி. நேர் எதிரே, கதவுக்கு முதுகைக் காட்டியபடி இருப்பது எதிர் நாற்காலி. அதில் உட்காருபவர் விருந்து கொடுப்பவரின் துணையாள். முதல் நாற்காலி கோப்பையைத் தூக்கினால் எல்லோரும் தூக்கலாம். அது ஆறு முறை தூக்கி முடித்த பிறகு எதிர் நாற்காலியின் முறை. அதுவரை மற்றவர்கள் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்.

எதிர் நாற்காலிக்கு வேலை அதிகம். முதல் நாற்காலி நகைச்சுவை சொன்னால் முதலில் சிரிக்க வேண்டும். மேஜை சோர்ந்துபோனால் ஒரு கதை எடுத்துவிட வேண்டும். வினிகர் கிண்ணம் காலியாவதை அது காலியாவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். முதல் நாற்காலிக்குத் தலை சுற்றினால் அவருடைய கோப்பையையும் வாங்கிக் குடிக்க வேண்டும். யின் பெரியப்பா எங்கள் தாயான் நகரத்தில் ஓர் அலுவலகத்தின் வரவேற்புப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இதைத்தான் செய்தார். அவருடைய கல்லீரலில் பாதி அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பாள் பெரியம்மா. அவர் வேலையை விடுவதற்குச் சில வருஷங்கள் முன்னால் மேலிடத்து உத்தரவு வந்து அலுவலக விருந்துகள் நின்றுபோயின. அதன் பிறகு வரவேற்புப் பிரிவில் அவர் சுடுதண்ணீர்க் குடுவைகளை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

முதல் நாற்காலியில் மட்டும் அவர் உட்கார்ந்ததே இல்லை. அவருடைய சொந்தக் கல்யாணத்தில்கூட அப்போதைய பிரிவுத் தலைவர்தான் உட்கார்ந்தார். புத்தாண்டு வசந்த விழாவுக்கு வீட்டில் அண்ணன் இருக்கிறார். எண்பத்தொரு வயது, நாற்காலியை விடுகிற எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. மகனுடைய கல்யாணம் பெண் வீட்டார் ஊரில் நடந்ததால் அங்கே சம்பந்தி உட்கார்ந்தார். ஆனால் பெரியம்மாவுக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணன் தம்பிகளில் இந்த ஒரு தம்பிதான். அவன் அக்கா வீட்டுக்கு வந்தால் விருந்து வைக்கிற உரிமை பெரியப்பாவுக்கு மட்டும்தான். அறுபத்தொன்றாவது வயதில், எந்த வழக்காலும் யாரும் பறிக்க முடியாத ஒரு முதல் நாற்காலி அவருக்குக் கிடைத்திருந்தது.

ஆங்கிலம் படித்தவள் என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார். தம்பி பாங் யோங்சிங்கின் மனைவி வின்னி ஹாங்காங்கில் பிறந்தவள், எங்கள் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரியும். பதின்மூன்று வயது மகள் ஆட்ரிக்கு அதுவும் கிடையாது. பெரியப்பா தயாரித்திருந்த மூன்று நாள் பயணத் திட்டத்தை எனக்குக் காட்டினார். சாப்பாடுகள் பெரிய எழுத்தில், பார்க்க வேண்டிய இடங்கள் சின்ன எழுத்தில் இருந்தன. உலகமே ஏறிப் பார்க்க வருகிற தாய்ஷான் மலை, ஒரு காலைக் கஞ்சிக்கும் ஒரு மத்தியான விருந்துக்கும் நடுவே அடைப்புக்குறிக்குள் இருந்தது.

விருந்தில் சொல்ல நான்கு வரி வரவேற்புரையும் எழுதியிருந்தார். ஏழாவது பிரதி. நான் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

“ ‘இந்தக் குடும்பத்தின் தலைவன் என்ற முறையில்’ங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன வருது?” என்று கேட்டார். சொன்னேன். “அவ்வளவுதானா? ரொம்பச் சின்னதா இருக்கே.”

“அவ்வளவுதான் பெரியப்பா.”

“பரவாயில்ல, நீ அந்த இடத்துல கொஞ்சம் மெதுவாச் சொல்லு.”

அவர்கள் வந்தது ஜூலை மாதத்தில், ரயில் நிலையத்துத் தரை காலணியில் ஒட்டுகிற வெயிலில். முதல் நாள் பழைய கோயிலுக்குப் போனோம். ஆட்ரி ஒரு கல்வெட்டைப் படம் எடுக்கக் குனிந்தாள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

“அத்தான், இன்னும் பின்பக்கம் போகவே இல்லையே,” என்றார் பாங்.

“கோயில் ஆயிரம் வருஷமா அங்கேயேதான் இருக்கு. சூப் ஆறிடும், வா.”

சனிக்கிழமை மலைக்கு. காலை ஏழரைக்கே பேருந்து, பிறகு கம்பியில் தொங்கியபடி மேலே போகிற வண்டி. மேலே இறங்கியபோது மேகம் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது. வின்னி தன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். உச்சிக்கு இன்னும் கொஞ்சம் படிகள்தான் இருந்தன.

“உச்சியில பார்க்க என்ன இருக்கு, இதே மேகம்தான்,” என்றார் பெரியப்பா. “கீழே ஆள் வந்துடுவாரு.”

பதினோரு மணி நேரம் விமானத்தில் வந்தது மலையின் முக்கால்வாசியைப் பார்க்கத்தானா என்று வின்னி ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பாங் சிரித்துச் சமாளித்தார். நாங்கள் இறங்கினோம்.

ஓட்டலில் எங்கள் அறையின் பெயர் மேகக்கடல். அதையாவது முழுதாகப் பார்க்கலாம் என்று வின்னி சொன்னாள். பெரியப்பா முந்தின நாளே வந்து எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தார். ஒவ்வொரு தட்டின்மேலும் கைதுடைக்கும் துணியை மடித்து நிறுத்தியிருந்தார்கள். முதல் நாற்காலிக்கு முன்னால் இருந்தது மட்டும் கோபுரம் மாதிரி உயரமாக நின்றது. உயரமான துணி இருக்கிற இடம்தான் விருந்து கொடுப்பவருடையது.

அறைக்குள் அந்த மேலதிகாரி, தலைவர் ஹாவ், ஏற்கெனவே இருந்தார். வந்து அரைமணி ஆகிறது என்று பரிமாறுகிற பெண் என்னிடம் சொன்னாள். அவர் உட்காராமல் ஜன்னலோரம் நின்றிருந்தார். தலைமுடிக்கு அன்று காலைதான் சாயம் பூசியிருக்க வேண்டும். ஒரு காது மடலில் கறுப்பாகத் தீற்றியிருந்தது. பாங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார், வின்னியின் கையை, ஆட்ரியின் கையை, என் கையை, பரிமாறுகிற பெண்ணின் கையை. கைகள் தீர்ந்துபோன பிறகுதான் நிறுத்தினார்.

என் அப்பாவும் வந்திருந்தார். அன்றைக்கு எதிர் நாற்காலி அவருக்கு என்று ஏற்பாடு. அவர் போய் அதில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் நின்றார்கள். உயரமான துணிக்கு இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் தலைவர்.

“யின், உக்காரு. இது உன் விருந்து,” என்றார் தலைவர்.

“நீங்க இருக்கும்போதா, ஐயா?”

“நான் இப்ப வேலையில இல்லப்பா. உன் மச்சினன் வந்திருக்கான். நீதான் உக்காரணும்.”

“எங்களுக்கு நீங்க எப்பவும் தலைவர்தான்.”

“சொல்றேன்ல, உக்காருன்னு.”

மூன்று முடிந்தது. அந்த இடத்தில் பெரியப்பா ‘சரிங்க ஐயா’ என்று உட்கார்ந்திருந்தால் ஒருவரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். தலைவர் முதல் விருந்தாளிக்கு அடுத்த நாற்காலியை ஏற்கெனவே பாதி இழுத்துவிட்டார். அவருக்கு வேண்டியது ஒரு சாப்பாடும் நாலு பேர் முகமும். ஆனால் பெரியப்பாவின் கைகள் எழுந்தன. தலைவரின் இரண்டு தோள்களையும் பிடித்தார். தலைவர் திமிறினார். பெரியப்பா விடவில்லை. பழக்கப்பட்ட, பலமான கைகள். மேஜை ஒருமுறை ஆடியது. கடைசியில் தலைவர் முதல் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

“அந்தத் தாத்தாகூட மாமா எதுக்குச் சண்டை போட்டாரு?” என்று ஆட்ரி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“சண்டை இல்ல. மரியாதை.”

“யாரு ஜெயிச்சது?”

தலைவர் கோபுரத்தைப் பிரித்து மடியில் விரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா எதிர் நாற்காலிக்கு வந்து நின்றார். என் அப்பா எழுந்து இடம் விட்டார். பெரியம்மா தேநீர்க் குவளையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

தலைவர் ஆறு முறை கோப்பையைத் தூக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. முதலாவது நட்புக்கு, இரண்டாவது மலைக்கு, மூன்றாவது தன் அலுவலகம் கட்டிய குழாய்ப் பாதைக்கு. நான்காவதிலிருந்து வின்னிக்கு நான் சுருக்கமாகச் சொல்லத் தொடங்கினேன். ஐந்தாவதில் பெரியப்பாவைக் காட்டி, “இவனை மாதிரி ஒரு எதிர் நாற்காலி இந்த மாநிலத்துலயே கிடையாது,” என்றார். பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. உண்மையிலேயே மலர்ந்தது.

பிறகு அவருடைய முறை வந்தது. நான்கு வரி எழுதிய தாளை நான் கைப்பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். எதிர் நாற்காலியிலிருந்தும் அதைச் சொல்லலாம். ‘இந்தக் குடும்பத்தின் தலைவன் என்ற முறையில்’ என்பதற்கு நாற்காலி தேவையில்லை. பெரியப்பா எழுந்தார், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார், தொண்டையைச் செருமினார்.

“எங்கள் தலைவர் சார்பிலும், எங்கள் அனைவரின் சார்பிலும், வெகு தொலைவிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களை வரவேற்கிறேன். தலைவரின் அன்பான ஏற்பாட்டில் இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம்.”

முப்பத்தோரு வருஷம் சொன்ன வரிகள். வாய் திறந்ததும் தாமாகவே வந்து இறங்கிவிட்டன. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். கோப்பை உதட்டருகே ஒரு நொடி நின்றது. பிறகு குடித்தார்.

பாங்குக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதால் நான் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன்.

“அப்ப இந்த விருந்து அந்தப் பெரியவரோடதா?” என்று வின்னி கிசுகிசுத்தாள்.

இல்லை என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது.

வெங்காயத்தாளோடு கடல் அட்டை வந்தது, குடல் வறுவல் வந்தது, அது எந்த மிருகத்தின் எந்தப் பகுதி என்று ஆட்ரி கேட்டாள், நான் தெரியாது என்றேன். கடைசியில் மீன் வந்தது. முழுக் கெண்டை, இனிப்பும் புளிப்புமாக. மீனின் தலை முதல் விருந்தாளியைப் பார்க்க வேண்டும். அவர் குடித்துவிட்டு முதல் துண்டை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது, மீனைத் திருப்பவும் கூடாது. பரிமாறுகிற பெண் தலையைப் பாங்குக்கு நேராக வைத்துவிட்டுப் போனாள். இந்த விஷயம் எதுவும் தெரியாத ஆட்ரி, தனக்குக் கொஞ்சம் முட்டைக்கோஸ் வேண்டும் என்று மேஜை நடுவிலிருந்த சுழல்தட்டை ஒரு தள்ளு தள்ளினாள்.

மீன் மெதுவாகச் சுற்றியது. தலைவரைக் கடந்தது, பெரியம்மாவைக் கடந்தது. யின் பெரியப்பாவுக்கு நேராக வந்து நின்றது, வாயைத் திறந்துகொண்டு.

தலைவர் முதலில் சிரித்தார். “சரிதான். மீனே சொல்லிடுச்சு. யின், இன்னிக்கு நீதான் பெரிய ஆளு. குடிச்சுட்டு ஆரம்பி.”

“ஆமா அத்தான், நீங்களே எடுங்க,” என்றார் பாங். அவர் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

பெரியப்பா குச்சிகளைக் கையில் எடுத்தார். மீனைப் பார்த்தார். பிறகு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுழல்தட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சாறு சிந்தாமல், தலையைப் பாங்குக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார். அவ்வளவு துல்லியமாக வேறு யாராலும் நிறுத்த முடியாது.

வின்னி அதற்குள் கன்னத்துச் சதையை எடுத்து ஆட்ரியின் தட்டில் வைத்துவிட்டாள்.

விருந்து முடிந்து எல்லோரும் எழுந்தபோது வின்னி பையிலிருந்து கனடாவின் பனித்திராட்சை மது இரண்டு புட்டி எடுத்தாள். விருந்து கொடுத்தவருக்கு என்று அங்கிருந்தே வாங்கி வந்தது. பாங் கையைக் காட்டித் தடுப்பதற்குள் இரண்டு கையாலும் தலைவரிடம் நீட்டிவிட்டாள். தலைவர் மறுத்தார். சரியாக மூன்று முறை மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டார். அவருக்குக் கனமாக இருக்கும் என்று பெரியப்பா அதை வாங்கி வாடகைக் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் விருந்தாளிகள் தங்கும் இடத்துக்குப் போன பிறகு பெரியம்மா கேட்டாள்: “காருக்குள்ள வச்சது யாரு?”

“வயசானவரு. தூக்குவாரா?”

“மேகத்தைப் பார்க்க விடாம இழுத்துட்டு வந்தீங்களே எல்லாரையும், எதுக்கு? அந்த மனுஷன் தோளை அமுக்கறதுக்கா?”

“மரியாதைன்னு ஒண்ணு இருக்கு.”

“வாய்க்குள்ள ஈ புகுந்தாக்கூட ‘தலைவர் சார்பில் வருக’ன்னுதான் சொல்வீங்க.”

பெரியப்பா சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாங் பதில் விருந்து கொடுத்தார். விருந்து கொடுப்பவர் என்பதால் முதல் நாற்காலி அவருடையது. அக்காள் கணவரை வலப்பக்கத்தில் முதல் விருந்தாளியாக உட்காரச் சொன்னார். பெரியப்பா சரி என்றார். நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வினிகர் கிண்ணத்தைப் பார்த்தபடி.

அவர்கள் ஊருக்குப் போனார்கள். ஜனவரியில் ஆட்ரியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. பள்ளியில் தன் சீனப் பயணத்தைப் பற்றிப் பேசினாளாம். வகுப்பில் காட்டிய படத்தையும் அனுப்பியிருந்தாள். பரிமாறுகிற பெண் கதவுப் பக்கமிருந்து எடுத்த படம். நடுவில் தலைவர் ஹாவ், சாயம் பூசிய தலையோடு, சிரித்தபடி. கீழே ‘எங்களுக்கு விருந்து கொடுத்த தாத்தா’ என்று எழுதியிருந்தது. முன்னால், படத்தின் அடிப்பக்கத்தில், பாதி வழுக்கை விழுந்த ஒரு பின்மண்டை.

மறைத்திருக்கலாம். ஆனால் பெரியப்பாவுக்கு இதற்குள் பாங் மூலம் விஷயம் தெரிந்திருந்தது. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். படத்தை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கி, அந்தப் பின்மண்டையை நெடுநேரம் பார்த்தார்.

“முடி இவ்வளவு போயிடுச்சா?” என்றார். பிறகு, “வேற என்ன எழுதியிருக்கா?” என்றார்.

“ஜூலைல மறுபடி வர்றாங்களாம். மலை உச்சியைப் பார்க்கணுமாம். தேதி முடிவானதும் அவளே எழுதறாளாம், விருந்துக்கு ஏற்பாடு பண்ண உங்களுக்கு வசதியா இருக்கும்னு.”

அவர் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உள்ளே பெரியம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“நீ அந்தப் பொண்ணுக்கு எனக்காக இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதணும் கண்ணு. தேதியை எனக்குச் சொல்ல வேண்டாம்னு எழுது. ஸ்டேஷன்ல வந்து இறங்கி, ஒரு போன் பண்ணாப் போதும். முன்னாடியே தெரிஞ்சா நான் யாரையாவது கூப்பிட்டுத் தொலைச்சுடுவேன்.”